கடுக்காய் குடித்த சுவர்

எங்கள் பக்கம் கடுக்காய் என்றால் தோலுக்கு, வயிற்றுக்கு அப்புறம்தான். நாட்றம்பள்ளியைத் தாண்டினால் வாணியம்பாடி, ஆம்பூர் என்று பாலாற்றங்கரை நெடுக டேனரிகள். அங்கே ஒரு காலத்தில் கடுக்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தோலை முதலில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து முடியைக் கழற்றுவார்கள். பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதம். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முக்கு. இல்லாவிட்டால் வெளிச்சம் பட்டுப் பட்டுத் தோல் சிவந்துபோகும். குரோம் வந்த பிறகு இதெல்லாம் குறைந்துவிட்டது. என் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற இயந்திரம் வந்திருந்தால் அவர் விரலை அது ஏற்றுக்கொண்டிருக்காது. மகன் அந்தத் தொட்டிப் பக்கம் வரக் கூடாது என்றுதான் என்னை பாலிடெக்னிக்கில் சிவில் படிக்க வைத்தார். படித்துவிட்டுக் கட்டட வேலைக்கு வந்தேன். பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் சுண்ணாம்பு, கடுக்காய்!

பாடப் புத்தகத்தில் சுண்ணாம்புக்கு இரண்டு மார்க் கேள்விதான். ஆகவே, நூறு வருஷத்துச் செங்கல் வீடு எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள நான் ரயில் ஏற வேண்டியிருந்தது. ஜோலார்பேட்டையில் ஏறி, சேலம், திருச்சி வழியாகக் காரைக்குடி. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டரில் கானாடுகாத்தான்.

ஊருக்கு நடுவில் நிற்கிறது செட்டிநாட்டு அரண்மனை. 1912-ல் கட்டியது. கட்டியவர் அண்ணாமலைச் செட்டியார். 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தொடங்கினாரே, அவர்தான். அரண்மனை என்கிறோம், ஆனால் அடிப்படையில் அது வீடு. சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் நகரத்தார் வீடுகள் எந்த வரைபடத்தில் இருக்கின்றனவோ அதே வரைபடம்தான், அளவு பெரிது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்னால் முகப்பு, அங்கே ஆண்கள் உட்கார்ந்து வரவு செலவு பேசுவார்கள். அதைத் தாண்டினால் வளவு. வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண், தூணுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒரு அறை. அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று சாப்பாடும் சமையலும் தானியமும் போய்க்கொண்டே இருக்கும். வாசலில் நின்று பார்த்தால், கதவுக்குள் கதவாகப் பின்தெரு வெளிச்சம் வரைக்கும் கண் போகிறது.

இந்த வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று பட்டியல் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மைதான், எல்லாம் இருக்கின்றன. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்த பணம் கப்பலில் அப்படித்தான் திரும்பி வந்தது. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. காசிருந்தால் யாரும் வாங்கலாம். செங்கல் உள்ளூர் மண், சுண்ணாம்பு உள்ளூர்க் கொத்தனார் கை. அந்த இரண்டும்தான் வீட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அவை படுவதே இல்லை, ஏனென்றால் செங்கல் ஒன்றுகூட வெளியே தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒரு பின்கட்டில். அரண்மனையில் இல்லை; சில தெரு தள்ளி, எண்பது வயதைத் தொடும் ஓர் ஆச்சி காவல் இருக்கும் வீட்டில். "முன்னால போயி நல்ல இடமாப் பாருங்க தம்பி, இங்கன என்ன இருக்கு, இடிஞ்ச சுவரு" என்றார். "ஆச்சி, எனக்கு இடிஞ்ச சுவருதான் வேணும்" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் உட்கார முக்காலி எடுத்துப் போட்டார்.

மழைத் தண்ணீர் இறங்கி ஒரு முழ அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது. உள்ளே செங்கல். நாம் இன்று வாங்குகிற செங்கலைவிட மிக மெல்லியது. கனம் இரண்டு அங்குலம்கூட இல்லை. நாட்டுக் காளவாயில் விறகு போட்டுச் சுட்டது, அதனால் ஒரு கல் கருஞ்சிவப்பு, பக்கத்துக் கல் வெளிர் ஆரஞ்சு. இரண்டு வரிசைக்கு நடுவில் சுண்ணாம்புச் சாந்து தாராளமாக இருந்தது. நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. சிமென்ட் கலவையாக இருந்தால் நகம்தான் உடையும்.

அந்த மென்மையில்தான் சூட்சுமமே இருக்கிறது. இரண்டடி கனச் சுவர் வெயிலில் விரியும், மார்கழிக் குளிரில் சுருங்கும், அடித்தளம் ஒரு நூல் அளவுக்கு இறங்கும். யாராவது வளைந்து கொடுத்தாக வேண்டும். சாந்து மென்மையாக இருந்தால் சாந்து கொடுக்கும், செங்கல் பிழைக்கும். மயிரிழை விரிசல் விட்டால் மழை ஈரத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து விரிசலுக்குள் போய், காற்று பட்டு மறுபடி இறுகிக்கொள்ளும். சிமென்டில் கட்டியிருந்தால் சாந்து அசையாது. அப்போது செங்கல்தான் பிளக்கும்.

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிச்சம் சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறிப்போகும். அதை மணலோடு சேர்த்து வட்டமான கல் பாத்தியில் மாடு கட்டி அரைப்பார்கள். சுவரில் ஏறிய பிறகு அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மெள்ள மெள்ள மறுபடியும் கல்லாகிவிடும். மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்கிற காரியம் இது. அவசரக்காரனுக்கு ஆகாது.

காரைக்குடியில் இன்னமும் செட்டிநாட்டுப் பூச்சு பூசுகிற பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். எழுபது வயது, ஒல்லி, வெற்றிலை வாய். எங்கள் ஊரில் தோலுக்குக் கடுக்காய் போடுவோம் என்றதும் சிரித்துவிட்டார். "தோலுக்கும் செவுத்துக்கும் ஒரே வைத்தியம்தான் தம்பி" என்றார். கடுக்காயைத் தட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் வெல்லம் கரைத்து, அதைக் கொண்டுதான் சாந்து குழைக்கிறார்கள். வெல்லத்திலுள்ள சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைய வைக்கிறது, இறுகுவதைத் தாமதப்படுத்திக் கொத்தனாருக்கு நேரம் கொடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு கலவையைப் பிசுக்கென்று பிடிக்க வைக்கிறது. தோலில் புரதத்தைக் கட்டிப்போடுவதும் அதே துவர்ப்புதான்.

பூச்சு ஒரே தடவையில் ஏறாது. முதலில் பருமணல் கலந்த சாந்து, அதன்மேல் சலித்த மணல் சாந்து, அதன்மேல் வெறும் சுண்ணாம்பு விழுது, கடைசியில் வெண்ணெய்போல் அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு. ஈரம் காய்வதற்குள் வழுவழுப்பான கல்லை வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க மினுமினுப்பு ஏறும். ஆச்சி வீட்டு வளவில் என் சட்டையின் நிறம் சுவரில் மங்கலாகத் தெரிந்தது. அந்தச் சுவருக்கு யாரும் பெயின்ட் அடித்ததே இல்லையாம்.

வழிகாட்டிகள் முட்டையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்; லட்சக்கணக்கில் முட்டை உடைத்தார்கள் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. முட்டை மேல்தோலுக்கு மட்டும்தான். அடியில் இருக்கும் மூன்று பூச்சும் சரியில்லையென்றால் கூடை கூடையாக முட்டை உடைத்தாலும் நிற்காது. (மஞ்சள் கருவை என்ன செய்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஐரோப்பாவில் கையுறைத் தோலை மெதுவாக்க மஞ்சள் கருவைத்தான் போடுவார்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு டேனரி இருந்திருந்தால் கணக்குச் சரியாகப் போயிருக்கும்.)

அண்ணாந்து பார்த்தால் அடுத்த பாடம். மச்சுக்குக் கம்பியும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள். சட்டத்துக்குச் சட்டம் சின்னஞ்சிறு மெல்லிய செங்கலை நெட்டுக்குத்தாக, சுவருக்குக் கோணலாக, ஒரு மூலையிலிருந்து அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். கீழே பலகை முட்டுக்கொடுக்காமல், ஒரு கல்லின் பக்கவாட்டில் அடுத்த கல்லைச் சாந்தால் ஒட்டவைத்தே செய்கிற வேலை இது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடிப்பார்கள். தாளம் தப்பாமல் இருக்கப் பாட்டு. அடிக்க அடிக்க மேலே கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளிப்பார்கள். கடைசியாகத் தட்டோடு பதித்து முடிப்பது. இதற்கு இன்ஜினியர்கள் வைத்த பெயர் மெட்ராஸ் டெரஸ். சென்னை எழும்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய வீடுகளில் தலைக்குமேல் இருப்பது இதுதான். எங்கள் வாணியம்பாடி வியாபாரிகள் வீடுகளிலும் நான் பார்த்திருக்கிறேன்.

மெட்ராஸ் டெரஸ் ஒழுகினால் குறை பெரும்பாலும் கூரையில் இருக்காது. தட்டோட்டு இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காமல் விட்டிருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மொட்டை மாடி ஏறிப் பார்க்கிற ஆள் இருக்கிற வீடு பிழைக்கும்.

வளவில் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்திருந்தேன். வெளியே சிவகங்கைச் சீமை வெயில். உள்ளே மின்விசிறி தேவைப்படவில்லை. கனச் சுவர் பகல் சூட்டை உள்ளே விடத் தாமதம் செய்கிறது. முற்றத்தில் சூடேறும் காற்று மேலே போக, முன்வாசலிலிருந்தும் பின்வாசலிலிருந்தும் காற்று இழுபடுகிறது. நாலு பக்கத்து ஓடும் முற்றத்துக்குள்தான் சாய்ந்திருக்கிறது. மழை பெய்தால் மூலைத் தகரக் குழாயிலிருந்து அண்டாவில் பிடித்ததுபோக மிச்சத் தண்ணீர் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும். மழை குறைந்த வறண்ட பூமியில் ஒரு சொட்டையும் வீணாக்காத ஏற்பாடு. வீட்டைத் தெருவிலிருந்து நாலைந்து படி உயர்த்திக் கட்டியிருப்பதற்குக் காவிரிப்பூம்பட்டினம் கடல்கொண்ட பழைய நினைவைக் காரணம் சொல்கிறார்கள். அந்தக் கதையை நான் மறுக்கவில்லை. ஆனால் மேஸ்திரியாக எனக்குத் தெரிவது, தரையீரம் சுவரில் ஏறாமல் இருக்க உயரம் நல்லது என்பதுதான்.

செங்கல்லை இப்படி முழுக்க மூடிவைத்த காலத்திலேயே, உலகத்தின் மறுகோடியில் ஒருவர் அதை முழுக்கத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் சிகாகோவில் ஃப்ராங்க் லாய்டு ரைட் வடிவமைத்த ரோபி வீடு 1910-ல் முடிந்தது. கானாடுகாத்தான் அரண்மனைக்கு இரண்டு வயது மூத்தது. அதிலும் செங்கல் மெல்லியது, ஆனால் கிட்டத்தட்ட ஓரடி நீளம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள நெட்டுச் சந்தைச் செங்கல் நிறச் சாந்தால் சமமாக மூடிவிட்டார்கள். படுக்கைச் சந்தை மட்டும் ஆழமாகச் சுரண்டி நிழல் விழ விட்டார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் செங்கல்லே தெரியாது, வீடு நீளத்துக்கும் ஓடும் கோடுகள்தான் தெரியும். கொத்தனார் கரண்டியின் முனையில் நடந்த வித்தை அது. வீட்டுக்காரர் ரோபி அதில் ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இருந்தார். பிறகு கை மாறி, 1957-ல் அதை வாங்கியிருந்த சமயக் கல்லூரி இடிக்கப் போவதாகச் சொன்னது. தொண்ணூறை நெருங்கிய ரைட்டே நேரில் வந்து நின்று எதிர்ப்புச் சொன்னார். வீடு தப்பியது. 1963-ல் தேசியச் சின்னம், 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

நம் வீடுகளுக்கு வந்து நின்றது யார்? யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் ஏறியிருக்கின்றன. உத்தேசப் பட்டியல் என்றால் வரிசையில் நிற்கிறோம் என்று அர்த்தம். அதனால் ஒரு ஜன்னலைக்கூடக் காப்பாற்ற முடியாது. மத்தியத் தொல்லியல் சட்டம் 1958-ல் வந்தது. அதன்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் குறைந்தது நூறு வயதாக வேண்டும். அறிவித்துவிட்டால் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. கோயிலுக்கும் கோட்டைக்கும் சரி, ஜனங்கள் குடியிருக்கும் தெருவுக்கு அது எப்படிப் பொருந்தும்? இதற்காகத்தான் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. அரண்மனைக்கு நூறு வயதான அதே வருஷம். அது நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை வீடு தூண் தூணாகக் கழன்று போனது என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றிவந்தால் தெரிந்துகொள்ளலாம். கதவு நிலைகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மேல்நிலையில் கஜலட்சுமி, கீழே விலைச் சீட்டு.

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோதே வருமானம் அறுந்துவிட்டது. 1960-களில் அங்கே மிச்சம் மீதியும் அரசுடைமை. வீட்டைப் பராமரிக்கப் பணம் இல்லை. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் இருபது பேர், முப்பது பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். விற்பதற்கும் அப்படியே. இதை எல்லாரும் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. இந்த வீடுகளில் பாதியைச் சட்டம் காப்பாற்றவில்லை, பங்காளிச் சண்டைதான் காப்பாற்றியிருக்கிறது. ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "அதுவும் சரிதான், ஒத்துமையா இருந்தவுக வீடெல்லாம் எப்பவோ தரைமட்டமாப் போச்சு" என்றார்.

இடிக்கிறவனாவது கண்ணுக்குத் தெரிகிறான். பழுதுபார்க்க வருகிற சிமென்ட் அப்படியில்லை. நம் நாட்டில் 1904-ல் மெட்ராஸில் கடற்சிப்பியை வைத்துச் சிமென்ட் தயாரிக்கப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் ஒழுங்கான உற்பத்தி தொடங்கியது. அரண்மனை எழுந்தது இந்த இரண்டுக்கும் நடுவில். சீக்கிரம் காயும், கெட்டியாக இருக்கும் என்று பிற்பாடு பழைய சுவரில் எல்லாம் சிமென்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், காற்றில் விட்டுவிடும். மேலே சிமென்ட் வந்து அடைத்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பொரித்துத் தள்ளும். நல்ல கெட்டிப் பூச்சைத் தட்டிப் பார்த்தால் டொக் டொக்கென்று பொள்ளல் சத்தம். பெயர்த்தால் உள்ளே செங்கல் தூளாகக் கொட்டுகிறது.

எங்கள் பகுதியில் இது இன்னும் மோசம். தோலைக் கெடாமல் வைக்க உப்புத்தான் போடுவார்கள். அந்த உப்பு பல பத்தாண்டுகளாகப் பாலாற்றுப் படுகையில் இறங்கியிருக்கிறது. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் டேனரி வழக்கில் மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னது எல்லாருக்கும் நினைவிருக்கும். விவசாயத்துக்கும் குடிதண்ணீருக்கும் வந்த கேடு பேசப்பட்டது. போர்வெல் தண்ணீரில் குழைத்த சாந்தும், உப்பூறிய தரையில் நிற்கும் சுவரும் என்ன ஆகின்றன என்று யாரும் பேசவில்லை. நான் முதலில் பழைய வீட்டுக்காரர்களிடம் கேட்பது, "தண்ணி எங்கேருந்து வருது?" என்றுதான். மழைத் தண்ணீர் தொட்டி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போது நாட்றம்பள்ளியில் ஒரு வேலை ஓடுகிறது. தாத்தா காலத்து மளிகை வியாபாரி வீடு. திண்ணை, உத்திரம், மெட்ராஸ் டெரஸ் எல்லாம் உண்டு. பட்டியலில் இல்லை, எந்தச் சட்டத்துக்கும் அது தெரியாது. இடுப்புயரம் வரைக்கும் யாரோ எப்போதோ பூசிய சிமென்டைப் பெயர்த்தெடுத்திருக்கிறோம். ஒரு கோடை முழுக்கச் சுவர் காய வேண்டும். இடையில் வெறும் சுண்ணாம்புப் பூச்சைத் தடவி, அது உப்பை உறிஞ்சியதும் சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி தடவ வேண்டும். பொரிந்துபோன கல்லை மட்டும் எடுத்து, அதே கனத்தில் காளவாயில் சொல்லிச் சுட்ட கல்லை வைக்கலாம். அதற்கப்புறம்தான் பூச்சு.

வீட்டுக்காரருக்குப் பொறுமை இல்லை. "ஏன் மேஸ்திரி, ஆயிர ரூபா சுவத்துக்கு லட்ச ரூபா வைத்தியமா?" என்கிறார். அவர் மருமகன் பெங்களூரிலிருந்து போன் செய்து வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் போதுமாமே என்று கேட்டார். சுவர் மூச்சு விட வேண்டும் என்று விளக்கினேன். "அப்ப சிமென்ட் கம்பெனிக்காரன்லாம் பொய் சொல்றானா?" என்றார். புது வீட்டுக்குப் பொய் இல்லை, உங்க தாத்தா வீட்டுக்குப் பொருந்தாது என்றேன். காரைக்குடிப் பெரியவர் ஐப்பசிக்கு முன் இரண்டு வாரம் வந்து தங்கி எங்கள் பையன்களுக்குப் பூச்சு கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கூலி, சாப்பாடு, பஸ் செலவு யார் தருவது என்பதில்தான் வீட்டுக்காரரும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.